நலவரைகாரணி: ஒரு சொல் விளக்கம்

சில காலத்துக்கு முன், திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக நடந்த நலக்கல்விக் கருத்தரங்குக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். வாசலில் கையில் தந்த துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு ‘இளைஞர் சுகாதாரத்தின் சமூகத் துணிகோவைகள்’ என்று இருந்தது. அதை அச்சிட்டவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம்; அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெளிவு. பின்வரிசையில் இருந்த கணிதப் பிரிவு மாணவன் ஒருவன் எழுந்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல், “சேர், இதில எத்தனை நிரை, எத்தனை நிரல்?” என்று கேட்டான். மண்டபம் சிரித்து அடங்கச் சற்று நேரம் எடுத்தது. சிரிப்புக்குக் காரணம் எளியது. இலங்கைக் கணித நூல்களில் துணிகோவை என்பது நிரை நிரலாக எழுதிய எண்களிலிருந்து கணிக்கப்படும் ஒரு பெறுமானம். தமிழ்நாட்டார் அதையே அணிக்கோவை என்பார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘டிடர்மினன்ட்’ என்பதே பெயர். பொதுச் சுகாதாரத் துறையும் அதே சொல்லை எடுத்து, மக்களின் நலம் கூடுவதற்கும் குறைவதற்கும் பின்னால் நிற்கும் வாழ்க்கை நிலைமைகள் என்ற முற்றிலும் வேறொரு பொருளில் வழங்குகிறது. அந்தப் பொருளுக்குத் தமிழில் எது பொருந்தும் என்ற கேள்வி அன்றே எனக்குள் விழுந்துவிட்டது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘டெர்மினுஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல். உரோமர் அந்தக் கல்லைத் தெய்வமாகவே கொண்டாடினார்கள். ஆண்டுதோறும் பெப்ரவரி 23ஆம் நாள் அயற்காணிக்காரர் இருவரும் தத்தம் பக்கத்தில் நின்று அதற்கு மாலை சூட்டுவது வழக்கம். வேலிக் கதியாலுக்காக நீதிமன்றம் ஏறும் நம்மவர்களுக்கு இந்தத் தெய்வத்தின் பெருமை சொல்லாமலே விளங்கும். ‘டெர்மினாரே’ என்பது எல்லை குறித்தல். முன்னொட்டுச் சேர்ந்து ‘டிடர்மின்’ ஆனபோது எல்லையை முழுதாக வரைந்து முடித்தல் என்ற பொருள் வந்து, அதிலிருந்து முடிவுசெய்தல் என்ற பொருள் கிளைத்தது. பஸ் நிலையத்தை ‘டெர்மினல்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கணிதத்தில் இச்சொல்லை 1801இல் வழங்கியவர் கணித அறிஞர் கவுஸ்.

பொதுச் சுகாதாரத்தில் இச்சொல் ஊன்றியதற்குப் பின்னால் நீண்ட சிந்தனை மாற்றம் ஒன்று இருக்கிறது. 1974இல் கனடாவின் சுகாதார அமைச்சர் மார்க் லலோன்ட் வெளியிட்ட அறிக்கை, மக்களின் நலம் வைத்தியசாலைகளால் மட்டும் அமைவதில்லை என்றும், பிறவிக்கூறு, சூழல், வாழ்க்கைமுறை ஆகியவையும் மருத்துவ சேவைக்கு நிகராக வைத்து எண்ணப்பட வேண்டியவை என்றும் எடுத்துரைத்தது. 1991இல் டால்கிரென், வைட்ஹெட் ஆகிய ஆய்வாளர் இருவர் இதனை வானவில் போன்ற ஒரு படமாக வரைந்தார்கள். நடுவில் ஒருவருடைய வயது, பால், பரம்பரை. அதைச் சுற்றிப் பழக்கவழக்கம். அடுத்து உறவும் நட்பும். அதற்கு வெளியே கல்வி, வேலை, குடிநீர், வீடு. எல்லாவற்றையும் சூழ நாட்டின் பொருளாதாரமும் பண்பாடும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைத்த ஆணைக்குழு 2008இல் தன் அறிக்கையைத் தந்தபின், மனிதர் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்து, உழைத்து, முதுமை அடையும் நிலைமைகளே அவர்கள் நலத்தின் ‘சமூக டிடர்மினன்ட்’கள் என்ற வழக்கு உலகெங்கும் நிலைபெற்றது.

தமிழில் இப்போது வழங்குபவற்றைப் பார்ப்போம். பயிற்சிப் பட்டறைகளில் அதிகம் கேட்பது ‘நிர்ணயி’, ‘நிர்ணயிக்கும் காரணி’ என்பவை. நிர்ணயம் வடசொல், ஐயம் நீங்கித் துணிந்த முடிவு என்பது தருக்க நூலார் அதற்குச் சொல்லும் பொருள். சிங்களத்திலும் ‘நிர்ணாயக’ இருப்பதால் இரு மொழிகளிலும் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் நம் காதில் நிர்ணயம் என்றால் விலை நிர்ணயம்தான். யாரோ ஒரு அதிகாரி மேசையில் இருந்து கையெழுத்திட்டு அறிவிக்கும் ஒன்று.

‘தீர்மானிக்கும் காரணி’ என்பது மேலும் பரவலாக உள்ளது. எனக்கு அதில்தான் பெரிய மனக்குறை. தீர்தல் என்றால் முடிதல். தீர்ந்தபின் பேச்சுக்கு இடமில்லை. “உன் நலத்தைத் தீர்மானிப்பவை உன் வீட்டு வருமானமும் உன் தாயின் படிப்பும்” என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது கேட்கிற காதில் தலையெழுத்தாகவே விழும். உண்மையில் இத்துறை சொல்ல வருவது அதுவல்ல. ஒரு நிலைமை இருக்குமிடத்தில் ஒரு விளைவு நேரும் வாய்ப்புக் கூடும் அல்லது குறையும், அந்த நிலைமையை மாற்றினால் வாய்ப்பும் மாறும் என்பதே அதன் கருத்து. ‘நலத்தை வகுக்கும் காரணிகள்’ என்று எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் ‘வகுத்தான் வகுத்த வகையல்லால்’ என்ற குறள் ஊழ் அதிகாரத்திலிருந்து உடனே குறுக்கே வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

துணிகோவை என்ற சொல்லையும் முற்றாகப் பழிக்க முடியாது. துணித்தல் வெட்டுதல், துண்டும் உடுக்கும் துணியும் அதன் வழி வந்தவை. வெட்டியதுபோல் ஐயமற முடிவுக்கு வருவதும் துணிதலே. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் உள்ள துணிவு அதுதான். எல்லையிலிருந்து முடிவுக்கு வந்த இலத்தீனைப்போலத் தமிழ் வெட்டிலிருந்து முடிவுக்கு வந்திருக்கிறது. அக்கலைச்சொல்லை ஆக்கியவர் தமிழ் அறிந்தவர். குறை இன்னொரு துறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனவரிடம்தான்.

அப்படியானால் ‘காரணி’ என்று மட்டும் சொன்னால் போதாதா? பேச்சில் போதும், எழுத்தில் போதாது. காரணம், காரணி, நாம் தேடும் சொல் ஆகிய மூன்றும் வேறு வேறு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியதை நினைத்துப் பார்க்கலாம். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதைக் காவிச் செல்வது ஈடிஸ் நுளம்பு. வீட்டில் மூடாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டிய ஆபத்துக் காரணி. ஆனால் தொட்டியில் தண்ணீர் சேர்த்துவைத்தால்தான் நாள் போகும் என்ற நிலை ஒரு தெருவுக்கு இருக்க, குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வரும் வேறொரு தெருவுக்கு அந்த நிலை ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கும்போதுதான் நாம் ‘டிடர்மினன்ட்’ இருக்கும் இடத்துக்கு வருகிறோம். வள்ளுவர் ‘நோய்முதல்’ என்று ஒரே சொல்லில் அடக்கியதை இன்றைய துறை பல அடுக்காகப் பிரித்துவைத்திருக்கிறது.

இனிச் சொற்றொடரின் மற்றப் பாதி. எங்கள் நாட்டு வழக்கில் சுகாதாரம் என்பது நலத்தையும் குறிக்கும், சுத்தத்தையும் குறிக்கும். அமைச்சுக்கும் அதே பெயர், கை கழுவுவதற்கும் அதே பெயர். ஆகவே இளையோர் சுகாதாரம் என்ற தலைப்பைக் கண்ட பிள்ளைகள் பல் துலக்குவது பற்றிய பேச்சு என்று எண்ணிக் கொட்டாவி விடுகிறார்கள். தமிழ்நாட்டில் இத்துறைக்கு மக்கள் நல்வாழ்வுத் துறை என்று பெயர் வைத்தது நல்ல முடிவு. ஆனால் அங்கே நல்வாழ்வு என்பது ஆங்கிலத்தின் ‘ஹெல்த்’துக்கே போய்விட்டதால், ‘வெல்பீயிங்’குக்கு வேறு சொல் தேட வேண்டியதாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1946ஆம் ஆண்டு யாப்பு, நோயற்றிருப்பது மட்டும் நலமன்று, உடலாலும் மனத்தாலும் சமூகத்தாலும் முழுமையாக நன்றாய் இருப்பதே நலம் என்று இரண்டையும் ஒன்றாகவே பிணைத்திருக்கிறது. தமிழில் ‘நலமா?’ என்று கேட்பவரும் காய்ச்சலை மட்டும் கேட்பதில்லை. எனவே நலம் என்ற ஒரு சொல்லே இரண்டையும் தாங்கும் என்பது என் கருத்து.

ஒரு சொல்லை மட்டும் இந்த மாவட்டத்தில் தவிர்க்கச் சொல்வேன்: நலன்புரி. அகராதிப்படி குற்றமற்ற சொல்தான். ஆனால் 2006இல் போரினால் சம்பூரை விட்டு ஓடியவர்கள் கிளிவெட்டியிலும் பிற இடங்களிலும் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த தகரக் கொட்டகைகளுக்கு அரச ஏடுகளில் இருந்த பெயர் ‘நலன்புரி நிலையம்’. கையகப்படுத்தப்பட்டிருந்த அவர்களின் காணி 2015இல் விடுபடத் தொடங்கும்வரை அங்கே வளர்ந்த பிள்ளைகள் இன்று இளையோர். அவர்களிடம் போய் “உங்கள் நலன்புரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்” என்று சொல்லக்கூடாது. இடம்பெயர்வு ஒரு தலைமுறையின் நலத்துக்கு எவ்வாறு எல்லை கட்டியது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

‘இளையோர்’ என்பதிலும் சிறு தெளிவு வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். எங்கள் ஆசிரியர்கள் அதைக் கட்டிளமைப் பருவம் என்று எழுதுவார்கள். 15 முதல் 24 வரை இளைஞர்; இரண்டையும் சேர்த்து 10 முதல் 24 வரை இளையோர். இலங்கையின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கையோ 15 முதல் 29 வரை இளைஞர் என்கிறது. புகையிலையும் மதுவும் விற்கக்கூடாத வயதெல்லையை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 என வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதிய ஓர் எண்ணும் நலத்தை வரையும் காரணிகளில் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சந்திக் கடையில் சிகரட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் கை அந்த எண்ணை மதிக்கிறதா என்பது வேறு கதை. இளையோருக்கென அரச சேவையில் திறக்கப்பட்ட நிலையங்களுக்கு ‘யொவுன் பியச’ என்று சிங்களப் பெயர். தமிழர் பலர் அதை அந்நியச் சொல்லாக வாசித்துக் கடந்துபோகிறார்கள். யொவுன் என்பது நம் பழைய உரைகளில் வரும் யௌவனத்தின் உடன்பிறப்பு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கதவு சற்று அகலத் திறக்கக்கூடும்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொல் ‘வரைகாரணி’. நலத்தோடு சேர்க்கும்போது நலவரைகாரணி. வரைந்த காரணி, வரைகின்ற காரணி, வரையும் காரணி என முக்காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. பிள்ளைப்பருவத்தில் நேர்ந்ததும் இன்று நேர்வதும் நாளைய நலத்தைத் தொடும் என்ற கருத்துக்கு அந்த விரிவு இசைகிறது. வரை என்பது எல்லை. ‘வரையாது வழங்கினான்’ என்றால் எல்லை வைக்காமல் கொடுத்தான். வரையறை என்ற சொல்லும் அதன் மேல் எழுந்ததே. ஆகவே எல்லைக்கல்லில் பிறந்த இலத்தீன் சொல்லுக்கு இது வேரிலேயே பொருந்துகிறது. எல்லை என்றால் தடை மட்டும்தானே, பிள்ளைக்குத் துணைநிற்கும் தாயும் பொறுமையான ஆசிரியரும் தடையா என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான கேள்வி. ஆனால் வரைதல் என்றால் ஓவியம் தீட்டுதலும் ஆகும். ஒருவருடைய வாழ்வின் உருவை வெளிக்கோட்டால் வரைபவை தடைகளாகவும் இருக்கலாம், தாங்கல்களாகவும் இருக்கலாம்; பின்னவற்றைப் பாதுகாப்புக் காரணி என்று பிரித்துச் சொல்வதற்கும் இடமிருக்கிறது. காரணி வடசொல் என்று தயங்கும் தனித்தமிழ் அன்பர்கள் கரணியம் என்ற சொல்லை முன்வைப்பார்கள். கணித வகுப்பில் காரணி நன்றாக வேரூன்றிவிட்டதால் நான் அதையே வைத்துக்கொண்டேன்.

சொல் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பாலத்தில் வைத்துப் பார்த்தேன். கிண்ணியாவையும் திருகோணமலை நகரையும் இணைக்கும் 396 மீற்றர்ப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அங்கே கடக்க இருந்தது ‘பாதை’. இந்தப் பகுதியில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையும்தான். பாலம் வந்தபின் கர்ப்பிணியும் மாணவியும் நேரம் பார்த்துத் துறையில் நிற்க வேண்டியதில்லை. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக ஓடிய பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இறப்புக்குக் காரணம் நீரில் மூழ்கியது என்று சான்றிதழில் எழுதலாம். முடியாமல் நின்ற பாலத்தை எழுத அந்தத் தாளில் இடமில்லை. அதற்குத்தான் இந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

கருத்தரங்குக்குத் திரும்புகிறேன். மாணவன் கேட்ட கேள்விக்குப்பின் பிரசுரத்தை மடித்துவைத்துவிட்டு, உங்கள் நலத்துக்கு எல்லை போடுவது எது என்று நேரடியாகவே கேட்டோம். ‘ஐஸ்’ போதைப்பொருள் விற்கிறார்கள் என்றான் ஒருவன். பாடசாலைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதி, பெயர் போடாமல், மேசையில் வைத்துப் போனாள் ஒருத்தி. வெருகலில் இருந்து வரும் மாணவி ஒருத்தி சற்று யோசித்துவிட்டு, “பின்னேர டியூசனுக்கு நிண்டா, கடைசி பஸ் எங்கட ஊர்மட்டும் வராது சேர்” என்றாள். ‘மட்டும்’ என்று எங்கள் ஊரார் சொல்வதும் ‘வரை’ என்று ஏட்டில் எழுதுவதும் ஒன்றே. எனக்குச் சொல் கிடைத்தது அங்கேதான்.