பூ இருக்கிறது, தேன் இருக்கிறதா?

ஐப்பசியில் தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை பஸ்ஸில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான். வண்ணத்துப்பூச்சியின் கணக்கில் அது பட்டினி நிலம். நெற்பூவில் தேன் கிடையாது. முற்பகலில் சிறிது நேரம் திறந்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று மூடிக்கொள்ளும். அறுவடையை ஒட்டித் தெளித்த உளுந்தும் பயறும் தரிசில் பூக்கும் சில வாரங்கள் கொஞ்சம் ஆறுதல். மற்ற மாதங்களில் வரப்போரக் களைகளும் தென்னம்பாளையும் போக, கும்பகோணம் போன்ற ஊர்களின் மதிலோரச் செடிகள்தான் பூச்சிகளுக்குப் பந்தி விரிக்கின்றன. ஆனால் எல்லாச் செடியும் சோறு போடுவதில்லை. எல்லாப் பந்தியிலும் எல்லாரும் உட்கார முடிவதுமில்லை.

இட்லிப்பூ என்கிற வெட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழல் சுமார் 3 செ.மீ. நீளம், நூல் நுழையும் அளவுக்குத்தான் அகலம். தேன் அடியில் இருக்கிறது. தேனீயின் நாக்கு அங்கே எட்டாது. கறிவேப்பிலை அழகி என்னும் கரிய வண்ணத்துப்பூச்சிக்கு எட்டும். அது கொத்தின் மேல் முழுதாக உட்காராது. இறக்கையைப் படபடத்தபடியே சுருண்ட உறிஞ்சுகுழலை நீட்டி, ஒரு குழலிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அப்போது குழல் வாயில் உள்ள மகரந்தம் அதன் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. இட்லிப்பூக் கொத்து கிளை நுனியில்தான் வரும். ஆகவே வேலியைப் பெட்டி வடிவத்துக்கு மாதந்தோறும் வெட்டுகிறவர்கள் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறார்கள்.

ஆவாரை வேறு மாதிரி. அதன் பூவில் தேனே இல்லை. கூலி மகரந்தம் மட்டும். அதுவும் பூட்டி வைத்த கூலி. மகரந்தம் இருக்கும் தாதுப்பை நீளவாக்கில் வெடிக்காது. நுனியில் ஒரு சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டு என்று நாம் விரட்டுகிற தச்சுத் தேனீயும், வயிற்றில் நீல வளையம் போட்ட தேனீயும் அதைத் திறக்கத் தெரிந்தவை. பூவை இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். பக்கத்தில் நின்றால் ரீங்காரம் திடீரெனக் கூர்மையாவது காதில் விழும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீறிடுகிறது. நடுவிலுள்ள குட்டைத் தாதுப்பைகள் தேனீ தின்பதற்கு. கீழே நீண்டு வளைந்தவை தேனீயின் உடம்பில் பூசி அனுப்புவதற்கு. கத்தரிப் பூவும் இதே துளைப்பூட்டுதான். கூட்டில் தேன் சேர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை வராது. கொல்லையில் கத்தரி நன்றாகக் காய்க்க வேண்டுமானால் கருவண்டுக்கு ஆண்டு முழுதும் இரை வேண்டும். முடிந்தால் அது துளைபோட்டுக் குடியிருக்கக் காய்ந்த மூங்கிலும் வேண்டும்.

அடுக்குச் செம்பருத்தி பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நர்சரியில் அதற்குத்தான் விலை அதிகம். அந்த அடுக்குகளில் பல, மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் இதழாக மாறியவை. மகரந்தம் குறைந்துபோகிறது, தேனுக்குப் போகும் வழியும் அடைபடுகிறது. நம் பழைய ஒற்றைச் செம்பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கும் நிறம் இதழே அல்ல, பூவடிச் செதில். உண்மையான பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்.

அரளி நேர்மையற்ற செடி. நிறமும் மணமும் காட்டும், தேன் தராது. ஏமாந்து வருகிற பூச்சியை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்ளும். அதற்காக வெட்டி எறிய வேண்டாம். வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சி அரளி இலையில் முட்டையிடுகிறது. இலையைப் புரட்டினால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் அதன் கூட்டுப்புழு தொங்கும். இட்லிப்பூவுக்கு வருகிற கறிவேப்பிலை அழகியும் புழுவாகத் தின்று வளர்ந்தது கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளைத்தான். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் மருந்தடித்துவிட்டு, வாசலில் வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்றால் எப்படி?

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் உரக்கடையில் பெரும்பாலும் ஊடுருவிப் பாயும் மருந்தைக் கொடுப்பார்கள். அது சாற்றோடு ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே நிறைய உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்யும் சோப்பும் கலந்த கரைசல் போதும். அதையும் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள்.