வலு நுகர்வு: சொல் விளக்கம்

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு வரும் நம் பிள்ளைகள் உயர்தரத்தில் 'வலு' என்று படித்ததை அங்கே 'பவர்' என்று கேட்கிறார்கள். சந்தேகம் தீர்க்க யூரியூப்பைத் திறந்தால், தமிழ்நாட்டு ஆசிரியர் அதையே 'திறன்' என்கிறார். நமக்கோ வினைத்திறன் என்பது வேறு கணியம்: உள்ளே போன வலுவில் எத்தனை பங்கு பயன்பட்டது என்ற விகிதம். மின்சுற்றுகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளில் ஒரு சுற்றை வரைந்து 'பவர் கன்சம்ப்சன்', அதாவது வலு நுகர்வு, அளக்க உட்காரும்போது, இந்த மூன்று சொற்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

'பவர்' என்பதன் வேர் இலத்தீனில் 'இயலுதல்' என்ற வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் 'வலு'வின் அடி 'வல்'. வல்லமை, வன்மை, வல்லினம் எல்லாம் அதன் கிளைகள். இயன்றவன்தான் வல்லவன், ஆகவே பொருள் அப்படியே பொருந்துகிறது. பேச்சிலும் அது உயிரோடு இருக்கிறது: 'வலு கெதியாப் போயிட்டான்' என்கிறோமே! வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பியை வாங்கும்போது கேட்பதும் குதிரைவலுதான்.

பௌதிகத்தில் வலு என்பது சக்தி மாற்றப்படும் வீதம். ஒரு செக்கனுக்கு ஒரு யூல் என்றால் ஒரு வாற்று. இந்த அலகுக்கு ஜேம்ஸ் வாற்றின் பெயரை 1882இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். மின்பட்டியலில் வரும் 'யூனிற்' வலு அல்ல. கிலோவாற்று மணித்தியாலம், அதாவது சக்தி. மின்சாரத்துக்குப் பொறுப்பான அமைச்சின் பெயரிலேயே 'மின்சக்தி', 'வலுசக்தி' என்று இரண்டும் கலந்து வந்ததால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஸ்பைஸ் வகை மென்பொருளான எல்.ரி.ஸ்பைஸில் சிமுலேசனை ஓடவிட்ட பின், ஆல்ட் விசையை அழுத்தியபடி ஒரு பாகத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அது வெப்பமானி வடிவமாக மாறும். சொடுக்கினால் அந்தப் பாகத்தின் வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் கணத்துக்குக் கணம் பெருக்கி ஒரு வரைபு வரும். இது கணவலு. அந்த வரைபின் பெயரைக் கொன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் சராசரி வலு வாற்றிலும், மொத்தச் சக்தி யூலிலும் கிடைக்கும். சராசரி வோல்ற்றளவைச் சராசரி ஓட்டத்தால் பெருக்கினால் சராசரி வலு வராது. மாறுகிற சமிக்ஞையில் பெருக்கல் முதலில், சராசரி பிறகு. சுற்று தொடங்கும்போது வரும் துள்ளலையும் விலக்கி, நிலைப்பட்ட முழு வட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

'சேர், பற்றரிக்குப் பவர் மைனஸ்ல வருகுது' என்று அடிக்கடி கேட்பார்கள். பிழை எதுவும் இல்லை. பாகத்தின் முதல் முனைக்குள் புகும் ஓட்டத்தை மென்பொருள் நேராகக் கொள்கிறது. மறை என்றால் அந்தப் பாகம் வலுவை வழங்குகிறது, நேர் என்றால் வாங்குகிறது.

வோல்ற்றளவை 5 வோல்ற்றுக்குக் குறைத்து நிலையாக வைக்கும் 7805 என்ற ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 12 வோல்ற்று, வெளியே 5 வோல்ற்று, சுமைக்கு அரை அம்பியர். அந்த ஐசி தனக்கென எடுக்கும் சிறு ஓட்டத்தை விட்டால், மூலத்திலிருந்து வருவது 6 வாற்று. இதுதான் சுற்றின் வலு நுகர்வு. சுமைக்குப் போவது 2.5 வாற்று. மீதி 3.5 வாற்று ஐசியில் வெப்பமாகிறது. இதை நுகர்வு என்று சொல்லக் கூடாது, வலு விரயம் என்பதே சரி. வினைத்திறன் ஏறக்குறைய 42 சதவீதம். இங்கே வலுவையும் 'திறன்' என்று எழுதினால் வாற்றில் வருவது எது, சதவீதத்தில் வருவது எது என்று வாசிப்பவர் தடுமாறுவார். அதனால் நம் பாடநூல் தந்த 'வலு'வையே ஆய்வறிக்கையிலும் எழுதுங்கள்.

வெப்பத்தகடு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணிக்கும்போது எடுக்க வேண்டியது அந்த 3.5 ஐ. பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று பார்க்கும்போது 6 ஐ.