சால்மனுக்குச் சோயா ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

1990-இல் நார்வேயின் கடற்கூண்டுகளில் வளர்ந்த சால்மன்களின் தீவனத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலிலிருந்தே வந்தது. சிறுமீன்களை வேகவைத்துப் பிழிந்து, உலர்த்தி அரைத்த மீன் தூளும், அந்தப் பிழிவிலிருந்து பிரித்த எண்ணெயும்தான் அது. 2013-இல் அந்தப் பங்கு சுமார் 30 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் பெருவின் நெத்திலிப் பிடிப்பு சரிந்தால் உலகெங்கும் மீன் தூளின் விலை ஏறும் நிலையில், வளர்ந்துகொண்டே போகும் ஒரு தொழில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. காலியான இடத்தைப் பெருமளவு நிரப்பியது சோயா.

மீனுக்கு மீன் தூள்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் உடல் கேட்பது அமினோ அமிலங்களை. சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனைனைத் தனியே தயாரித்துக் கலந்துவிடலாம். தொல்லை தருவது புரதமன்று, அதனுடன் ஒட்டிக்கொண்டு வருபவை.

சோயாப் புண்ணாக்கு மிகுந்த தீவனத்தைத் தின்ற சால்மனின் பின்குடலை நுண்ணோக்கியில் பார்த்தால், உட்சுவரின் மடிப்புகள் குட்டையாகி, உறிஞ்சும் செல்களுக்குள் இருக்க வேண்டிய நுண்குமிழ்கள் மறைந்து, அழற்சிச் செல்கள் குவிந்திருப்பது தெரியும். இதற்கு முக்கியக் காரணம் சபோனின். பூந்திக்கொட்டையை நுரைக்க வைப்பதும் இந்த வகைச் சேர்மமே. குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்ல நம் பண்ணையாளர்கள் இலுப்பைப் புண்ணாக்கு இடுவதும் அதிலுள்ள சபோனினை நம்பித்தான். சோயாவில் இருப்பது அவ்வளவு கொடியதன்று. தீவனத்தை மாற்றினால் சில வாரங்களில் குடல் தேறிவிடுகிறது. சபோனின் ஆல்கஹாலில் கரையும் என்பதால், புண்ணாக்கை ஆல்கஹால் கலந்த நீரில் அலசி எடுத்த சோயாப் புரதச் செறிவையே நார்வேயில் இப்போது பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

அந்த அலசலிலும் போகாதது ஃபைட்டிக் அமிலம். தாவரத்திலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி அதற்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லாததால், அந்தப் பாஸ்பரஸ் மீனுக்கு உதவாமல் கழிவோடு நீரில் கலக்கிறது. ஃபைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்ப்பது இதற்கு வழி என்றாலும், மாவைக் குருணையாகப் பிதுக்கும் இயந்திரத்தின் சூட்டில் நொதி கெட்டுவிடும். ஆகவே குருணை ஆறிய பிறகு அதன்மேல் திரவமாகத் தெளிக்கிறார்கள். குளிர்நீரில் வாழும் சால்மனின் வயிற்றில் அந்த நொதியும் மந்தமாகவே வேலை செய்யும் என்பதால், மூலப்பொருளை முன்கூட்டியே நொதியோடு ஊறவைக்கும் முறையும் உண்டு.

அடுத்து வந்தது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. காய்கறிக் கழிவைத் தின்று கொழுக்கும் இப்புழுவின் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அனுமதித்தது. அமினோ அமிலங்களில் இது சோயாவைவிட மீன் தூளுக்கு நெருக்கமானது. ஆனால் மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரத அளவை அப்படியே நம்பக் கூடாது. ஆய்வகத்தில் பொதுவாக நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். புழுத்தோலிலுள்ள, புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால், தோலும் புரதமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இப்புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே பொருந்தும் என்று ஆய்வாளர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். அப்படிக் கணக்கிட்டால் 50 விழுக்காடு என்று எழுதியிருப்பது 38-ஆக இறங்கிவிடும்.