ஃபீனாலஜி: தமிழில் என்ன சொல்வது?

ஃபீனாலஜி என்று சொன்னால் பலர் காதில் ஃப்ரீனாலஜி என்றுதான் விழுகிறது. அது மண்டையோட்டைத் தடவிப் பார்த்துக் குணம் சொன்ன பழைய போலி அறிவியல். இன்னும் சிலர் தத்துவத்தில் வரும் ஃபினாமினாலஜி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; ஃபீனாலஜிக்கும் ஃபினாமினாலஜிக்கும் வேர் ஒன்று. கிரேக்கத்தில் ‘ஃபைனோ’ என்றால் காட்டு, வெளிப்படுத்து.

மரம் எப்போது தளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, வலசைப் பறவை எந்த வாரம் வந்து இறங்குகிறது, தவளை எந்த மழைக்குக் கத்தத் தொடங்குகிறது? ஆண்டுதோறும் திரும்பிவரும் இந்த நிகழ்வுகளின் தேதியைக் குறித்துவைத்து, வெயிலும் மழையும் மாறும்போது அந்தத் தேதி எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் ஃபீனாலஜி. பெயர் வைத்தவர் பெல்ஜியத் தாவரவியலாளர் ஷார்ல் மோரன், 1849-இல். வேலை அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாள் பற்றிய குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அரண்மனைக்காரர்கள் பூப்பார்க்கும் விருந்துக்காக நாட்குறிப்பில் எழுதியது. 2021-இல் அங்கே பூப்பு உச்சத்துக்கு வந்தது மார்ச் 26. அதுவரை பதிவு உள்ள 1,200 ஆண்டுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை.

சரி, தமிழில்? ‘தோற்றவியல்’ என்று வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் தத்துவக்காரர்களோடு சண்டை வரும். ‘பருவவியல்’ என்றால், பருவநிலை என்று நாம் தினமும் சொல்வதால், வானிலை ஆராய்ச்சி என்று நினைப்பார்கள். ‘பூப்பியல்’ அழகுதான். ஆனால் பூப்பு என்றதும் மஞ்சள் நீராட்டு நினைவுக்கு வருகிறது. போதாததற்குப் பறவையும் தவளையும் வெளியே நின்றுவிடும். ‘பருவ நிகழ்வியல்’ கொஞ்சம் நீளம். இருந்தாலும் பொருள் பிசகாமல் வருவது அதில்தான், என் ஓட்டும் அதற்குத்தான்.

துறைக்குப் பெயர் தேட வேண்டியிருக்கிறதே தவிர, துறைக்குள் வரும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவுக்குப் படிப்படியாகப் பெயர் உண்டு. மலரும் நிலையில் இருக்கும் மொட்டுக்குப் ‘போது’ என்று பெயர். அதுவே நேரத்துக்கும் பெயர். தெருவோர வேம்பை மாசி, பங்குனியில் நின்று பாருங்கள். மஞ்சள் இலை கொட்டும். செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அப்புறம் அரிசிமணி போல அரும்பு கட்டும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ வேண்டுமே என்று அண்ணாந்து பார்க்கும் அம்மாக்களும் ஒரு வகையில் பருவ நிகழ்வியலாளர்கள்தான், எழுதிவைக்காததுதான் குறை. ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் அதை எழுதிவைக்கிறார்கள்: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை பார்த்து, கொழுந்து, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று.

இந்தத் துறையில் இன்று அதிகம் அடிபடும் இன்னொரு சொல் மிஸ்மேட்ச். ‘பொருந்தாமை’ என்றால் சப்பென்று இருக்கிறது. பருவம் தப்பிய மழை என்கிறோமே, அந்த வழியில் ‘பருவப் பிசகு’ என்பேன். நெதர்லாந்தில் நடந்தது இது. ஓக் மரத்தின் தளிரும் அதைத் தின்னும் புழுவும் வெப்பத்தின் குறிப்பைக் கேட்பவை. வசந்தம் சூடாக ஆக, புழு பெருகும் நாள் முன்னுக்கு வந்தது. அந்தப் புழுவை ஊட்டிக் குஞ்சு வளர்க்கும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானோ குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. ஐரோப்பாவில் வெயில் ஏறியது அதற்குத் தெரியாது. பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்குள் புழுக்காலம் இறங்கிவிடுகிறது. புழு மிகச் சீக்கிரம் உச்சம் தொட்ட காடுகளில் இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைந்தது. இரண்டும் தத்தம் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டன, ஆனால் வெவ்வேறு கடிகாரத்தைப் பார்த்து.

குறிப்பைப் பார்த்து ஏமாறுவது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. குறுந்தொகை 66-இல் தோழி, கார்காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லையே என்று வாடும் தலைவியிடம், பூத்து நிற்கும் கொன்றையைக் காட்டி, இது மடத்தனமான மரம், ‘வம்ப மாரியைக் கார்என மதித்தே’ பூத்துவிட்டது என்கிறாள். வம்ப மாரி என்றால் பருவமல்லாத மழை. தேற்றுவதற்காகச் சொன்ன சாக்குதான். ஆனால் மரம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, மழையைப் பார்க்கிறது என்ற கவனிப்பு அதற்குள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. நாம் பார்க்கும் சரக்கொன்றை பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் பூக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, பருவநிலை மாற்றம்’ என்று பகிரக் கிளம்பிவிட வேண்டாம். பாட்டில் தேதி இல்லை. பருவ நிகழ்வியலுக்குத் தேதி வேண்டும்.