ஈரநிலம் வேறு, சதுப்பு நிலம் வேறு

ஒரு திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் தமிழ்ச் சுருக்கத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: "திட்டப் பகுதிக்கு அருகில் சதுப்பு நிலம் உண்டா?" விடை: "இல்லை." முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "பக்கத்திலேயே ஏரி இருக்கிறதே, ஐயா" என்றார். "கேள்வி சதுப்பு நிலத்தைப் பற்றியது" என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'வெட்லேண்ட்', அதாவது ஈரநிலம். அதைச் சதுப்பு நிலம் என்று எழுதுவதை எத்தனை முறை பார்த்துவிட்டேன்! இந்த முறை அந்தச் சொல்லே ஒருவரின் வாயை அடைத்தது.

சதுப்பு என்றால் கால் புதையும் சேற்று நிலம். 'சதசத' என்பதோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். ஈரநிலம் மிகப் பெரிய குடும்பம், சதுப்பு அதில் ஒரு பிள்ளை. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் வரையறையைப் பாருங்கள்: இயற்கையானதோ மனிதர் உருவாக்கியதோ, ஆண்டு முழுவதும் நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உவர்நீரோ, எல்லாம் அடங்கும். கடல்கூட, நீர் உள்வாங்கும் வற்றத்தின்போது ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத பகுதி வரை, அதில் சேரும். ஏரி, குளம், கழிமுகம், அலையாத்திக் காடு, உப்பளம், நெல்வயல் என்று இத்தனையையும் 'சதுப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியுமா?

"பழகிய சொல், எல்லோருக்கும் புரிகிறது" என்பார்கள். புரிவதுதான் சிக்கல். தமிழ் அறிந்த எவரும் சதுப்பு என்றதும் சேற்றை நினைப்பார், ஏரியை நினைக்கமாட்டார். நகரத்து ஈரநிலங்கள் பல கோடையில் வெடித்துக் கிடக்கும், சிறுவர்கள் பந்து விளையாடுவார்கள். மழை வந்தால் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் அதுதான். அங்கே கோடையில் போய் நின்று "சதுப்பு இல்லை" என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. தவறான கேள்விக்குச் சரியான விடை எழுதுகிறார், அவ்வளவுதான்.

"ஈரநிலம் என்றால் மழையில் நனைந்த மண் என்று ஆகாதா?" என்றும் ஒரு மறுப்பு உண்டு. நனைந்ததை நாம் ஈரமண், ஈரத்தரை என்கிறோம்; ஈரநிலம் என்று சொல்வதில்லை. சொல் காலியாக இருந்தது, கலைச்சொல்லாக அழகாகப் பொருந்திவிட்டது. 'நன்செய்' என்று பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது வருவாய்த்துறைப் பதிவேடுகளின் பாசன நிலம். நன்செய் எல்லாம் ஈரநிலம் ஆகலாம், ஈரநிலம் எல்லாம் நன்செய் ஆகாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள கோபம் தூய்மை பற்றியது அல்ல. சதுப்பும் நல்ல தமிழ்தான். ஒரு திட்டத்தைக் கேள்வி கேட்க மக்களிடம் இருக்கும் ஒரே தாள் அந்தச் சுருக்கம். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினையாமல் அகராதியைப் புரட்டிச் சொல்லை ஒட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதே சுருக்கத்தில் இன்னொரு வரி: "தாங்கல் மண்டலத்தில் அணுகு சாலை அமைக்கப்படும்." நீர்நிலையின் கரையை ஒட்டிக் கட்டுமானம் இல்லாமல் விடவேண்டிய பகுதியை மூலம் 'பஃபர்' என்கிறது. மொழிபெயர்த்தவர் வேதியியல் பாடநூலின் 'தாங்கல் கரைசலி'லிருந்து சொல்லை எடுத்துவிட்டார். தாங்கல் என்றால் ஊராருக்கு நீரைத் தாங்கி நிற்கும் ஏரி. எத்தனையோ ஊர்ப்பெயர்கள் அந்தச் சொல்லில் முடிகின்றன. ஏரிக்குள்ளேயே சாலை போடப்போகிறார்கள் என்று அந்தப் பெரியவர் மீண்டும் எழுந்து கொதித்தார். அப்படி இல்லை என்று விளக்கி அவரை மறுபடியும் உட்கார வைத்தார்கள். 'இடைவெளிப் பகுதி' என்று எழுதியிருந்தால், வெறுமையாக விடவேண்டிய இடத்தில் சாலை எதற்கு என்று அவர் கேட்டிருப்பார்.