மழைக்கு முந்திப் பழுக்கும் சவாரோ

அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் விரிந்து கிடக்கும் சொனோரன் பாலைவனத்தில் மே, ஜூன் மாதங்கள்தான் கொடுமையானவை. மழை அனேகமாக இருக்காது, வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மற்ற செடிகள் பலவும் ஒடுங்கிக் கிடக்கும் அந்தச் சமயத்தில்தான் சவாரோ கள்ளி பூத்து, காய்த்து, பழுத்தும் முடிக்கிறது.

அதற்குத் தண்ணீர்? எல்லாம் பழைய சேமிப்புதான். 12 மீட்டர் வரை வளரும் இதன் தண்டு, நெடுக மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்ததும் ஆழமில்லாமல் பரவியிருக்கும் வேர்கள் நீரை உறிஞ்ச, மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து இடம் கொடுக்கின்றன. செலவிலும் சிக்கனம் உண்டு. தோலிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாக மாற்றி வைக்கும். விடிந்ததும் அதிலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலின் உதவியால் சர்க்கரை தயாரிக்கும்.

இப்படிச் சேர்த்ததைத்தான் பூவுக்குக் கொட்டுகிறது. வெள்ளைப் பூ, மெழுகு பூசியது போன்ற இதழ்கள், நடுவே ஏராளமான மகரந்தத் தாள்கள். இருட்டிய பிறகு விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும், அவ்வளவுதான் ஆயுள். தன் மகரந்தம் தனக்கே உதவாது. வேறொரு சவாரோவிலிருந்து வந்தாக வேண்டும். இரவில் தேன் குடிக்க வரும் நீளமூக்கு வௌவால்கள் அதைச் சுமந்து வருகின்றன. ஆனால் அவை மெக்சிகோவிலிருந்து வலசை வருபவை, வடக்கே எல்லா இடத்துக்கும் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பூ காலையிலும் திறந்தே இருப்பதன் லாபம் அங்கேதான் தெரிகிறது. வௌவால் விட்ட வேலையைத் தேனீக்களும் வெள்ளைச்சிறகுப் புறாக்களும் முடித்துவிடும்.

சுமார் ஒரு மாதத்தில் பழம் தயார். தோல் வெடித்து மடங்கினால் உள்ளே ரத்தச் சிவப்புச் சதை, அதில் கறுப்பு விதைகள் ஏறக்குறைய 2,000. தொலைவிலிருந்து பார்த்தால் சிவப்புப் பூ என்றே தோன்றும். நல்ல இனிப்பு. பறவைகள், வௌவால்கள், கொயோட்டி நரிகள் என்று போட்டி பலமாக இருக்கும். அந்த மண்ணின் தொஹோனோ ஓதாம் மக்களும் காலங்காலமாக இதைப் பறித்துவருகிறார்கள். பழம் உச்சியில் இருக்குமே, எப்படிப் பறிப்பது? செத்த சவாரோவின் தண்டுக்குள் விலா எலும்பு போல இருக்கும் கட்டைகளையே நீளமாகக் கட்டித் துறட்டி செய்துகொள்கிறார்கள்! சதையைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அதைப் புளிக்கவைத்த மது, மழையை அழைக்கும் சடங்குக்கு.

அப்புறம் ஜூலையில் கோடை மழை இறங்கும். எச்சத்தோடு விழுந்த விதைகள் ஈரம் பட்டதும் முளைக்கும். பெரும்பாலானவை வெயிலுக்கும் எலிக்கும் போய்விடும். பாலோவெர்டே போன்ற மரத்தின் நிழலில் விழுந்தவைக்கே ஓரளவு வாய்ப்பு. அதுவும் முதல் எட்டு ஆண்டுகளில் 4 சென்டிமீட்டர் எட்டினாலே பெரிய விஷயம். முதல் பூவுக்குச் சுமார் 35 ஆண்டுகள் ஆகும்.