புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் போவது ஏன்?

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; அதனால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் எரிபொருள் ஊட்ட வேண்டியிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் எனும் சுமைதூக்கி வண்டியில் எரிபொருளாகும் புரொப்பேனோ வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், எஞ்சினுக்குள் வாயுவாகவே நுழைகிறது. அதற்குச் சோக் (காற்றைக் குறைத்து எரிபொருளின் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு) தேவைப்படுவதில்லை. ஆகவே, குளிரில் இந்த எஞ்சின் மக்கர் செய்தால், எரிபொருள் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாமல், திரவத்தை ஆவியாக்கும் வெப்பமும் வாயுவை இழுக்கும் வேக்குவமும் (வெற்றிட உறிஞ்சலும்) எங்கே தடைபடுகின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

அடுப்புச் சிலிண்டரிலிருந்து வாயு வருகிறது; ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரிலிருந்து வருவதோ திரவம். அது ஃபில்டரையும் எஞ்சின் நிற்கும்போது எரிபொருளை அடைக்கும் லாக்-ஆஃப் வால்வையும் கடந்து ரெகுலேட்டருக்குள் வந்து, அங்கே அழுத்தம் குறைந்து, ஏறத்தாழ 270 மடங்கு பருமனுள்ள வாயுவாக விரிகிறது. ஒரு கிலோ புரொப்பேன் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கொடுப்பது எஞ்சினைக் குளிர்விக்க அதனுள் ஓடும் திரவமான கூலன்ட். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் கூலன்டும் குளிர்ந்துதானே இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 0 டிகிரியில் உள்ள கூலன்ட்கூட புரொப்பேனின் கொதிநிலையை விட 42 டிகிரி சூடானது. அது ஓடிக்கொண்டே இருந்தால் முதல் சில நிமிடங்களைச் சமாளித்துவிடலாம். கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் ரெகுலேட்டர் வழியே ஓட்டம் நிற்காதபடி ஹோஸ்கள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில நிமிடங்களில் திணறி நின்று, ரெகுலேட்டரின் மேல் வெண்பனி படிந்திருந்தால், அங்கே வெப்பம் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். கூலன்ட் அளவு குறைந்திருக்கலாம், ஹோஸில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது உட்பாதை துருவாலும் படிவாலும் மூடியிருக்கலாம். எஞ்சின் சூடேறிய பிறகு ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தால், ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருப்பதே அடைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொடக்கத்திலேயே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வேக்குவத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பல எஞ்சின்களில் லாக்-ஆஃப் வால்வைத் திறப்பதும் வாயுவைக் காற்றோடு கலக்கும் மிக்சரின் நெகிழும் சவ்வான டயஃப்ரத்தைத் தூக்குவதும், பிஸ்டன்கள் காற்றை இழுப்பதால் உண்டாகும் வேக்குவமே. குளிரில் பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் அந்த வேக்குவம் போதாது. வாயு வரவே வராது. பார்ப்பவருக்கு இது எரிபொருள் கோளாறாகவே தோன்றும். ஆகவே ரெகுலேட்டரைப் பிரிப்பதற்கு முன் பேட்டரியைச் சோதிப்பதும், வேக்குவம் ஹோஸில் விரிசல் உண்டா என்று பார்ப்பதும் வீண் செலவைத் தவிர்க்கும். எரிபொருளோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டருக்குள் தங்கி, குளிரில் டயஃப்ரத்தை விறைக்கச் செய்வதும் உண்டு.

சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறப்பது இன்னொரு காரணம். ஓட்டம் ஒரேயடியாகப் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொள்ளும். வால்வை மூடி, சற்றுப் பொறுத்து, மெல்லத் திறந்தால் அது விடுபடும். பியூட்டேன் கலந்த எரிபொருளும் கடுங்குளிரில் தொல்லை தரும். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதிப்பதில்லை என்பதால் சிலிண்டரின் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது.

புரொப்பேன் காற்றை விட ஏறத்தாழ 1.5 மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரத்தில் தேங்கும். கசிவைச் சோப்பு நீரால் மட்டுமே தேட வேண்டும். உறைந்த ரெகுலேட்டரைச் சூடேற்ற நெருப்பை ஒருபோதும் அருகில் கொண்டுபோகக் கூடாது. வால்வை மூடிவிட்டு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றினாலே பனி கரைந்துவிடும்.